டேங்க்கில் எழுதிய தேதி

கிழக்கு இங்கிலாந்து,
16.11.2025

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

நீ கைப்பட எழுதி, படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பிய நான்கு பக்கத்தையும் பிரிண்ட் எடுத்து வைத்துக்கொண்டேன். உன் எழுத்தைப் போனில் இழுத்து இழுத்துப் படிக்க மனசு வரவில்லை. தங்கச்சிக்கு மூட்டுவலி குறைந்திருக்கிறது என்று எழுதியிருந்தாய், நிம்மதியாக இருந்தது. சின்னவளுக்குத் திருப்பூரில் வேலை கிடைத்த சேதியைச் சொன்னதும் உன் அக்கா அன்றைக்கே பாயசம் வைத்துவிட்டாள். இங்கே எல்லாரும் சுகம். குளிர் வந்துவிட்டது. நாலு மணிக்கே இருட்டிவிடுகிறது.

இரண்டு விஷயம் எழுதியிருந்தாய். நான் இந்த ஊர்ப் பாரிஷ் கவுன்சிலில் உறுப்பினராக இருக்கிறேன் என்று சொன்னதற்கு, "பாரிஷ் கவுன்சில் என்கிறாயே, நீ எப்போது சர்ச்சில் சேர்ந்தாய்?" என்று கேட்டது ஒன்று. இனிமேல் ஊராட்சித் தேர்தல் எப்போது வந்தாலும் நிற்கப் போவதில்லை என்று கடைசிப் பக்கத்தில் ஒரே வரியில் எழுதியிருந்தது இன்னொன்று. அந்த ஒரு வரிதான் பத்து நாளாக மனசில் கிடந்து அரிக்கிறது. முதலில் சர்ச் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன்.

பாரிஷ் என்பது ஒரு காலத்தில் ஒரு சர்ச்சுக்கு உட்பட்ட ஊர் எல்லை. பாதையைச் செப்பனிடுவது, ஏழைகளுக்குப் படியளப்பது எல்லாம் சர்ச்சில் கூடுகிற பெரிய மனிதர்கள் கையில் இருந்தது. 1894-ல் சட்டம் போட்டு, ஊர்க்காரியத்தைச் சர்ச்சிலிருந்து பிரித்து, ஊரார் தேர்ந்தெடுக்கிற கவுன்சிலிடம் கொடுத்தார்கள். பார்லிமென்ட் தேர்தலில் பெண்கள் ஓட்டுப்போட 1918 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இந்தச் சின்னக் கவுன்சிலுக்கு 1894-லேயே ஓட்டும் போடலாம், தேர்தலில் நிற்கவும் செய்யலாம் என்று வைத்திருந்தார்கள். உன்னைத் தலைவராக்கிய நம் ஊராட்சிகள் சட்டம் 1994. சரியாக நூறு வருஷ இடைவெளி. இங்கிலாந்தில் இப்போது சுமார் 10,000 கவுன்சில்கள், நம் தமிழ்நாட்டில் சுமார் 12,500 ஊராட்சிகள். பெயரில்தான் சர்ச் மிச்சம் இருக்கிறது. நான் இன்னும் அழகர்கோவில் கள்ளழகரைக் கும்பிடுகிறவன்தான்.

நான் எப்படிக் கவுன்சிலுக்குள் போனேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். என் பாஸ்போர்ட் இன்னும் இந்தியப் பாஸ்போர்ட்தான். காமன்வெல்த் நாட்டுக் குடிமக்களுக்கு இங்கே நிரந்தரமாகத் தங்க அனுமதி இருந்தால் ஓட்டுண்டு, உள்ளாட்சியில் உறுப்பினராகவும் ஆகலாம். எங்கள் ஊரில் ஒருவர் வீடு மாறிப் போனதில் இடம் காலியானது. அறிவிப்பு ஒட்டினார்கள். 14 வேலை நாளுக்குள் வாக்காளர்கள் பத்துப் பேர் எழுதிக் கேட்டால் தேர்தல், யாரும் கேட்காவிட்டால் கவுன்சிலே ஒருவரைச் சேர்த்துக்கொள்ளலாம். யாரும் கேட்கவில்லை. பஸ் நிழற்குடையில் ஒழுகுகிறது என்று சொல்லப் போயிருந்த என்னிடம் கிளார்க் அம்மா விண்ணப்பத்தை நீட்டினார்.

கிளார்க் என்றதும் உனக்கு உன் பஞ்சாயத்து கிளார்க் ஞாபகம் வரும். இங்கேயும் அதே பெயர்தான், அதே பாடுதான். உறுப்பினர்கள் ஏழு பேருக்கும் சம்பளம் கிடையாது. கிளார்க்குக்கு மட்டும் வாரத்துக்குச் சில மணி நேரக் கணக்கில் சம்பளம். கடிதம், கணக்கு, தீர்மானம், வரி, ஆடிட் எல்லாம் அவர் தலையில்தான். கூட்டத்துக்கு முழுதாக மூன்று நாள் முன்னதாக அஜெண்டாவை ஒட்டியாக வேண்டும். ஒட்டிய நாளும் கூட்ட நாளும் ஞாயிறும் அரசு விடுமுறையும் கணக்கில் சேராது. செவ்வாய்க்கிழமை கூட்டமென்றால் வியாழனுக்குள் பலகையில் இருக்க வேண்டும். போன மாதம் மழை கொட்டுகிறது, அந்த அம்மா குடையைக் கழுத்துக்கும் தோளுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு பலகையின் கண்ணாடிக் கதவைத் திறந்து பின் குத்திக்கொண்டிருந்தார். "வெள்ளிக்கிழமை ஒட்டினால் யார் பார்க்கப் போகிறார்கள்" என்று கேட்டேன். "கேட்டால் ஒருவர்தான் கேட்பார். அந்த ஒருவருக்காகத்தான்" என்றார். அஜெண்டாவில் இல்லாத விஷயத்தில் எந்த முடிவும் எடுக்கக் கூடாது. யாராவது கடைசி நேரத்தில் பத்து பவுண்ட் செலவுக்கு ஒப்புதல் கேட்டால்கூட "அடுத்த மாதம்" என்பார்.

அதிகாரம் என்று பார்த்தால் உன்னிடம் இருந்ததில் கால்வாசிகூட எங்களிடம் இல்லை. குடிதண்ணீர் எங்களுடையது இல்லை. குப்பை மாவட்டக் கவுன்சிலுடையது. ரோடு கவுண்டி கவுன்சிலுடையது. ஆனால் ரோட்டில் பள்ளம் விழுந்தால் ஊர்க்காரர்கள் வந்து நிற்பது எங்கள் வாசலில்தான். படம் எடுத்து, மனுப் போட்டு, நம்பர் வாங்கி, அந்த நம்பரை வைத்துக்கொண்டு மாதாமாதம் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். உனக்கு இது சொல்லியா தெரிய வேண்டும்! எங்கள் கையில் இருப்பது விளையாட்டுத் திடல், இடுகாடு, அலாட்மென்ட் எனப்படும் காய்கறித் தோட்டத் துண்டுகள், பெஞ்சுகள், நாய்க் கழிவுத் தொட்டிகள், புல் வெட்டுவது, போர் நினைவுத் தூண். போன ஞாயிற்றுக்கிழமை அந்தத் தூணுக்குக் கவுன்சில் சார்பில் மலர்வளையம் வைத்தோம். இதற்கெல்லாம் வேண்டிய பணத்தை ஜனவரியில் நாங்களே கணக்குப் போட்டுத் தீர்மானம் செய்வோம். மாவட்டக் கவுன்சில் அதை வீட்டு வரியோடு வசூலித்துக் கொடுத்துவிடும். ப்ரிசெப்ட் என்று பெயர். சின்னத் தொகைதான். ஆனால் யார் கையெழுத்துக்கும் காத்திருக்க வேண்டாம். இந்த ஒன்றைப் பார்க்கும்போதெல்லாம் உன்னைத்தான் நினைத்துக்கொள்வேன்.

கட்டிட அனுமதி விஷயத்திலும் முடிவு எங்களுடையது இல்லை, கருத்துச் சொல்ல 21 நாள் தருவார்கள், அவ்வளவுதான். ஆனால் அதில் ஒரு நாள் பார்த்ததை உனக்குச் சொல்லியே ஆக வேண்டும். உறுப்பினர்களில் ஒருவர் விவசாயி, எழுபதைத் தாண்டியவர், முப்பது வருஷமாகக் கவுன்சிலில் இருக்கிறார். தன் பழைய தானியக் கொட்டகையை மூன்று வீடாக மாற்ற அவரே விண்ணப்பித்திருந்தார். பதவி ஏற்ற 28 நாளுக்குள் வேலை, நிலம், மனைவி பெயரில் இருப்பது எல்லாவற்றையும் எழுதிக் கொடுக்க வேண்டும். யார் வேண்டுமானாலும் அதைப் பார்க்கலாம். தன் சொத்து சம்பந்தப்பட்ட பேச்சில் வாய் திறக்கக் கூடாது, ஓட்டும் போடக் கூடாது. எங்கள் கவுன்சில் விதிப்படி அறையிலேயே இருக்கக் கூடாது. அந்த விஷயம் வந்ததும் யாரும் சொல்வதற்கு முன்னால் எழுந்தார். கோட்டை மாட்டிக்கொண்டார். தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு வெளியே போய்க் கதவைச் சாத்தினார். ஜன்னல் வழியே பார்த்தால் காரில்கூட உட்காராமல் விளக்குக் கம்பத்தின் கீழே நின்றுகொண்டிருந்தார். உள்ளே இருபத்தைந்து நிமிஷம் பேசினோம். அந்தச் சந்தில் வண்டி எதிரெதிரே விலக முடியாது, மூன்று வீடு தாங்காது என்று ஆட்சேபம் எழுத முடிவானது. கையைத் தூக்கிய ஐந்து பேரில் நானும் ஒருவன், அவருடைய பக்கத்து நாற்காலிக்காரன். கிளார்க் போய் அழைத்துவந்தார். முடிவு என்ன என்று அவர் கேட்கவில்லை. உட்கார்ந்தார், கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார், அடுத்தது இடுகாட்டு வேலி என்றதும் எந்தப் பக்கத்துக் கம்பம் இற்றுப்போயிருக்கிறது என்று விவரமாகச் சொல்ல ஆரம்பித்தார். கூட்டம் முடிந்து என்னை வீட்டு வாசல் வரைக்கும் காரில் கொண்டுவந்து விட்டவரும் அவர்தான். அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை, மாப்பிள்ளை. இந்த வயதில் ஒருவரிடமிருந்து இவ்வளவு கற்றுக்கொள்ள முடிகிறதே என்று சந்தோஷமாக இருந்தது.

ஆனால் இங்கே இல்லாத ஒன்று உன்னிடம் இருக்கிறது. இங்கேயும் வருஷத்துக்கு ஒரு தடவை, மார்ச் 1-க்கும் ஜூன் 1-க்கும் இடையில், ஊர் வாக்காளர்கள் எல்லாரையும் கூப்பிட்டுக் கூட்டம் போட வேண்டும். நம் கிராம சபை மாதிரி. டீயும் கேக்கும் வைத்தும் போன தடவை வந்தவர்கள் பதினொரு பேர். அதில் ஏழு பேர் நாங்கள். இங்கே எத்தனையோ ஊரில் இருக்கிற இடத்துக்குக்கூட ஆள் நிற்பதில்லை, தேர்தலே நடக்காது. நம் ஊரில் வருஷத்துக்கு ஆறு கிராம சபை. 2022 மே தினத்துக்கு நான் வந்திருந்தபோது பார்த்தேனே, வேப்பமரத்தடியில் ஜமுக்காளத்தில் அத்தனை பெண்கள் உட்கார்ந்து, கிழக்குத் தெருவுக்கு மட்டும் ஏன் தண்ணீர் மெல்லிசாக வருகிறது என்று உன்னைத் துளைத்தெடுத்தார்கள். உனக்கு வேர்த்துக் கொட்டியது. இங்கே வெறும் நாற்காலிகளைப் பார்க்கும்போது, சண்டை போட ஆள் வருவது எவ்வளவு பெரிய சொத்து என்று தெரிகிறது. தண்ணீர் கேட்டு உன்னிடம் சண்டைக்கு வந்தவர்கள் உன்னை நம்பி வந்தவர்கள்.

இப்போது நீ எழுதிய அந்த ஒரு வரிக்கு வருகிறேன். ஜனவரி 5-ஆம் தேதியோடு உங்கள் பதவிக்காலம் முடிந்து தனி அலுவலர் வந்ததும், தெருவிளக்கு எரியாவிட்டாலும் யாரைக் கேட்பது என்று தெரியாமல் சனங்கள் இன்னமும் உன் வீட்டுத் திண்ணைக்கே வருவதும், உன்னால் ஒன்றும் செய்ய முடியாமல் போவதும் எல்லாம் புரிகிறது. அஞ்சு வருஷம் ஓடி ஓடி என்ன கண்டேன், மோட்டார் மாற்றவும் விளக்குப் போடவுமே காலம் போய்விட்டது என்கிறாய். அதற்குத்தான் ஒன்று சொல்கிறேன், கேள்.

எங்கள் ஊர் நடுவில் ஒரு சிவப்பு டெலிபோன் பெட்டி இருக்கிறது. யாரும் பேசாத பெட்டிகளை ஊருக்கு ஒரு பவுண்டுக்குக் கொடுத்துவிடுகிறார்கள். அப்படி வாங்கிய பெட்டிக்குள் டீஃபிப்ரிலேட்டர் வைத்திருக்கிறோம், இதயம் நின்றுபோனவருக்கு மின்னதிர்ச்சி கொடுக்கிற கருவி. ஆஸ்பத்திரி தூரம், ஆம்புலன்ஸ் வரும்வரை அதுதான் துணை. நான் சேர்ந்ததும் அதைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பை எனக்குக் கொடுத்தார்கள். முதல் நாள் திறந்து பார்க்கிறேன், பச்சை விளக்கு எரிகிறது, பேட்டரி நன்றாக இருக்கிறது. ஆனால் நெஞ்சில் ஒட்டுகிற பட்டைகளின் உறையைத் திருப்பினால் காலாவதி தேதி முடிந்து நாலு மாதம் ஆகியிருக்கிறது. அதுவரை பார்த்துக்கொண்டிருந்தவர் ஊரைவிட்டுப் போய்விட்டார். அவருக்குப் பிறகு அந்தத் தேதியை யாரும் பார்க்கவில்லை. யாரையும் குறை சொல்வதற்கில்லை. அந்த நாலு மாதத்தில் யாருக்கும் தேவைப்படவில்லை என்பது கடவுள் புண்ணியம்.

அந்த உறையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றபோது எனக்கு ஞாபகம் வந்தது உன் ஓவர்ஹெட் டேங்க். நீ தலைவரானதும் டேங்க்கின் தூணில் நீலப் பெயின்டில் கட்டம் போட்டு, கழுவிய தேதி, அடுத்துக் கழுவ வேண்டிய தேதி என்று எழுதினாய் அல்லவா? எல்லா ஊரிலும் அந்தக் கட்டம் இருக்கும், தேதிதான் பழையதாகவே நிற்கும். உன் ஊரில் மட்டும் டேங்க் ஆபரேட்டர் ஒவ்வொரு தடவையும் பழைய தேதியின்மேல் வெள்ளையடித்துப் புதுத் தேதி எழுதுவார். ரேஷன் கடைக்குப் போகிற பிள்ளைகூடப் படித்துவிடும் உயரத்தில் எழுதச் சொல்லியிருந்தாய். தேதி தாண்டினால் ஊரே கேட்கட்டும் என்றாய்.

அதையேதான் இங்கே செய்தேன். பெட்டியின் கண்ணாடிக்கு உள்பக்கம் ஒரு தாளை லேமினேட் செய்து ஒட்டியிருக்கிறேன். கடைசியாகப் பார்த்த தேதி, அடுத்துப் பார்க்க வேண்டிய தேதி, பட்டை காலாவதியாகும் தேதி. தெருவில் நடந்து போகிறவர்கள் வெளியிலிருந்தே படிக்கலாம். நான் இருக்கிறேனோ இல்லையோ, தேதி தாண்டினால் யாராவது ஒருவர் கிளார்க்குக்குப் போன் போடுவார். இரண்டு வாரத்துக்கு முன் எனக்குக் காய்ச்சல், சனிக்கிழமை போகவில்லை. திங்கள் காலையில் பள்ளிக்கூடப் பையன் ஒருவன் தன் அம்மாவோடு வந்து கதவைத் தட்டி, தேதி பழையதாக இருக்கிறது என்றான். ஸ்வெட்டரோடு அவன் பின்னாலேயே போய்ப் பார்த்து எழுதிவிட்டு வந்தேன். இந்த யோசனை எங்கிருந்து வந்தது என்று கவுன்சிலில் கேட்டார்கள். மதுரைப் பக்கத்தில் என் நண்பன் ஒருவன் ஊராட்சித் தலைவராக இருந்தான், அவனுடையது என்றேன். கிளார்க் அம்மா அதைத் தீர்மானப் புத்தகத்திலேயே எழுதியிருக்கிறார்.

அதனால்தான் சொல்கிறேன், விட்டுவிடாதே. மோட்டார் எப்போது சூடாகும், எந்த வால்வு இறுகும், யாரிடம் எப்படிக் கேட்டால் கையெழுத்து விழும் என்று அஞ்சு வருஷம் அலைந்து நீ தெரிந்துகொண்டதைப் புதிதாக வருகிறவன் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். தலைவர் பதவிக்கு வேண்டாமென்றால் வார்டு உறுப்பினராகவாவது நில். செலவுக்கு யோசிக்காதே, அதை நாம் பேசிக்கொள்ளலாம். தங்கச்சி கோபித்துக்கொள்வாள் என்றால் நான் போனில் பேசுகிறேன்.

எங்களுக்கு அடுத்த கூட்டம் டிசம்பரில். ஊஞ்சல் சங்கிலி தேய்ந்துவிட்டது, புதிது வாங்க ப்ரிசெப்ட்டைக் கொஞ்சம் கூட்டலாமா என்பதுதான் பெரிய பேச்சாக இருக்கும். தை மாதம் ஊருக்கு வரப் பார்க்கிறோம், டிக்கெட் இன்னும் போடவில்லை. போட்டதும் சொல்கிறேன்.

அதற்குள் ஒரு காரியம் செய். ரேஷன் கடைப் பக்கம் போகும்போது டேங்க் தூணில் இப்போது என்ன தேதி எழுதியிருக்கிறது என்று பார்த்து எனக்கு எழுது.

அன்புடன்,
உன் மச்சான்