தொண்ணூற்றைந்து அட்டைகளுக்குத் தோள் கொடுத்தவர்களுக்கு

அன்புடையீர், வணக்கம்.

சுனில் சேத்ரி இந்திய அணிக்காக அடித்த 95 கோல்களையும், கோலுக்கு ஓர் அட்டை என்று எழுதியும் வரைந்தும், எங்கள் கோடைக்காலக் கால்பந்துப் பயிற்சி முகாமின் கடைசி மூன்று நாட்களில் பொதுமக்கள் பார்வைக்கு வைத்திருந்தோம். உதவியவர்கள் ஒவ்வொருவரையும் வீடு தேடிச் சென்று நன்றி கூறுவதே முறை. வேலூர், ஆம்பூர், குடியாத்தம், பெங்களூர் என்று நீங்கள் பல ஊர்களில் இருப்பதால், பயிற்சியாளன் என்ற முறையில் இம்மடல் வழியாகவே அதைச் செய்கிறேன்.

முதல் நன்றி, பெங்களூரில் காவலாளியாகப் பணிபுரியும் அண்ணனுக்கு. 2023 ஜூன் 21 அன்று கண்டீரவா அரங்கில் தெற்காசியக் கோப்பைக்காக இந்தியாவும் பாகிஸ்தானும் ஆடியபோது, காட்பாடியில் இரயிலேறி வந்த எங்கள் 14 பிள்ளைகளுக்கும் முன்கூட்டியே நுழைவுச்சீட்டு எடுத்து வைத்தவரும், ஆட்டம் முடிந்து மழையில் நனைந்து நின்றவர்களைத் தம் ஒற்றை அறையில் விடியும்வரை படுக்க வைத்தவரும் அவரே. அன்று சேத்ரி மூன்று கோல் அடித்தார். இந்தியா 4-0 என்று வென்றது. மூன்றில் இரண்டு பெனால்டி. பிள்ளைகள் இன்றும் பேசுவதோ பத்தாவது நிமிடத்தில் விழுந்த முதல் கோலைப் பற்றித்தான். பந்து பாகிஸ்தான் கோல்காப்பாளரிடமே திருப்பி அனுப்பப்படுகிறது. ஆபத்தில்லாத பந்து, மற்றவர்கள் மூச்சு வாங்கிக்கொள்ளும் நேரம். சேத்ரி விடாமல் அதை நோக்கி ஓடுகிறார். கோல்காப்பாளரின் காலில் பந்து அடங்காமல் சற்றே விலகுகிறது. அதற்குள் இவர் வந்து சேர்ந்துவிடுகிறார். அதிர்ஷ்டத்தில் வந்த கோல் என்று எங்கள் பக்கத்தில் இருந்த ஒருவர் கூறினார். நான் அதை ஒப்பவில்லை. பலன் இல்லாமல் பலமுறை ஓடியவருக்கே அப்படி ஒருமுறை பந்து கிடைக்கும். 38 வயதிலும் அந்த ஓட்டத்தை அவர் மிச்சம் பிடிக்கவில்லை. அன்றைய ஹாட்ரிக்கோடு அவர் கணக்கு 90 ஆயிற்று. இரயிலில் திரும்பும்போதே, எல்லாக் கோல்களையும் எழுதி வைக்க வேண்டும் என்று பிள்ளைகள் கேட்டார்கள்.

அந்த ஆசை கைகூட இரண்டு ஆண்டுகள் ஆயின. நாங்கள் தயாரித்த முதல் பட்டியலில் 96 கோல்கள் இருந்தன. நூலகத்தில் நாள்தோறும் விளையாட்டுப் பக்கங்களைப் படிக்க வரும் பணி ஓய்வு பெற்ற ஐயா ஒருவர், பட்டியலை வாங்கி விரலால் ஒவ்வொரு வரியாகத் தொட்டுப் பார்த்து, 2023 ஆசிய விளையாட்டில் வங்கதேசத்துக்கு எதிராக அடித்த பெனால்டியை நாங்கள் சேர்த்திருப்பதைக் கண்டுபிடித்தார். ஆசிய விளையாட்டில் ஆடுவது, வரம்பைக் கடந்த மூத்தவர்கள் சிலரை மட்டும் சேர்த்துக்கொள்ளும் வயது வரம்புள்ள அணி என்பதால், அந்தக் கோல் நாட்டு அணியின் கணக்கில் சேராது. ஐயா, தவறான எண்ணைச் சுவரில் ஏற்றாமல் எங்களைக் காத்தமைக்கு நன்றி.

குடியாத்தத்தில் அச்சகம் நடத்தும் பெரியவர் கனமான அட்டைகளை ஒரே அளவில் வெட்டித் தந்து, கூலி வாங்க மறுத்தார். ஆம்பூரில் ஷூ தொழிற்சாலையின் தையல் பிரிவில் வேலை செய்யும் அம்மா, அட்டைகள் கயிற்றில் கிழியாமல் தொங்குவதற்காக, ஒவ்வொரு துளையின் பின்புறமும் நகமளவு தோல் துண்டை ஒட்டி, அதன் மேல் ஊசியால் குத்திக் கொடுத்தார். 190 துளைகள். அவருடைய மகள்தான் எங்கள் அணியின் முன்கள ஆட்டக்காரர்.

இடம் தருவதாகக் கூறியிருந்த ஒரு நிறுவனம், காட்சி தொடங்க இரண்டு நாட்கள் இருக்கும்போது கையை விரித்துவிட்டது. அன்றிரவு நான் உறங்கவில்லை. மறுநாள் காலை, ஒரு மாணவனின் தாத்தா தம் நெல் கிடங்கைக் கூட்டிப் பெருக்கிச் சாவியைக் கையில் கொடுத்தார். அவருடைய குடும்பத்தார் அனைவருக்கும் என் வணக்கம்.

முதல் நாள் கூட்டம் இல்லை. அட்டைகளைப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு பையன் 2018-ஆம் ஆண்டு அட்டையைக் காட்டினான். மும்பையில் சீன தைபே அணியை இந்தியா 5-0 என்று வென்று, சேத்ரி ஹாட்ரிக் அடித்த ஆட்டத்தைப் பார்க்க வந்தவர்கள் 2,569 பேர்தான். திட்டுவதானாலும் அரங்குக்கு வந்து திட்டுங்கள் என்று அவர் காணொளியில் வேண்டிக்கொண்ட பிறகு, கென்யாவுக்கு எதிரான அவருடைய நூறாவது ஆட்டத்துக்கு அரங்கு நிரம்பியது. அதைக் கேட்ட ஆட்டோ ஓட்டும் தந்தையர் மூவர் மாலையில் கோட்டை மைதானம், சத்துவாச்சாரி, காட்பாடி என்று ஒலிபெருக்கி கட்டிக்கொண்டு சுற்றி வந்தார்கள். அடுத்த இரண்டு நாட்களும் வாசலில் செருப்பு வைக்க இடமில்லை. டீசல் செலவைக்கூட அவர்கள் வாங்கிக்கொள்ளவில்லை.

2005-இல் குவெட்டாவில் பாகிஸ்தானுக்கு எதிராக அடித்த முதல் கோலும், 2008-இல் டெல்லியில் ஏ.எஃப்.சி. சேலஞ்ச் கோப்பையின் தஜிகிஸ்தானுக்கு எதிரான இறுதி ஆட்டத்தில் அடித்து, 1984-க்குப் பிறகு முதன்முறையாக இந்தியாவை ஆசியக் கோப்பைக்கு அழைத்துச் சென்ற மூன்று கோல்களும் இருந்த வரிசையில்தான் பெரியவர்கள் அதிக நேரம் நின்றார்கள். பிள்ளைகள் நின்றது வேறோர் இடத்தில். 2024 மார்ச்சில் குவாஹாட்டியில் அடித்த 94-ஆவது கோலுக்கும், 2025 மார்ச்சில் ஷில்லாங்கில் மாலத்தீவுக்கு எதிராக அடித்த 95-ஆவது கோலுக்கும் நடுவே, எதுவும் எழுதாத அட்டை ஒன்று தொங்கியது. 2024 ஜூன் 6 அன்று கொல்கத்தாவில் குவைத்தோடு கோலின்றி முடிந்த ஆட்டத்தோடு அவர் விடைபெற்றார். பிறகு திரும்பி வந்துதான் 95-ஆவதை அடித்தார். அந்த நாளையும் விடக்கூடாது என்று வெள்ளை அட்டையை மாட்டியது எங்கள் அணியின் இளைய பெண், வயது பத்து. அதன் பொருளை வந்தவர்களுக்கெல்லாம் தொண்டை கட்டும்வரை விளக்கியதும் அவளே. அவளுக்கும் என் நன்றி.

அட்டைகள் இப்போது அந்த நெல் கிடங்கின் மேல்தளத்தில், ஈரம் படாத பெட்டியில் உள்ளன. தங்கள் பள்ளியில் வைக்க விரும்பும் உடற்கல்வி ஆசிரியர்கள் கேட்டு வாங்கிச் செல்லலாம். கயிற்றையும் சேர்த்தே தருகிறோம்.

என்றும் நன்றியுடன்,
பயிற்சியாளர், வேலூர்.