முதலில் சாப்பிடு, அப்புறம் பேசலாம்

அன்புள்ள தோழிக்கு,

உன் கடிதம் வியாழக்கிழமை வந்தது. அன்று இரவே பதில் எழுத உட்கார்ந்தேன். எழுதி முடித்துப் படித்துப் பார்த்தால் பக்கம் முழுக்க வசனமாக இருந்தது. வசனம் சொல்கிறவர்களைக் கண்டாலே இப்போது பயமாக இருக்கிறது என்று நீ எழுதியிருந்தது ஞாபகம் வர, அதைக் கிழித்துப் போட்டுவிட்டு இன்றைக்கு மறுபடி எழுதுகிறேன்.

முதலில் எங்கள் வீட்டுச் செய்தி. அவருக்கு வேலை கிடைத்துவிட்டது. பழைய சம்பளம் இல்லை, பொறுப்பும் குறைவுதான். ஆனாலும் காலையில் குளித்து, சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு கிளம்பும் மனிதனைப் பார்க்க எனக்கு அவ்வளவு நிம்மதியாக இருக்கிறது. பெரியவன் மேல்நிலைப் படிப்பை முடிக்கப் போகிறான். சின்னவளுக்குக் கண்ணாடி போட்டாயிற்று. இவ்வளவுதான் நம் பக்கம்.

இனி உன் விஷயம். அம்மா படுக்கையில் விழுந்து பதினாறு மாதம் ஆகிவிட்டது என்று படித்தபோது திடுக்கிட்டேன். ஏழெட்டு மாதம் இருக்கும் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். அடிக்கடி விசாரிக்காமல் இருந்தது என் தப்பு.

அந்த இரவைப் பற்றி நீ எழுதியதை மூன்று முறை படித்தேன். மூன்று மணிக்கு எழுந்து, துடைத்து, விரிப்பை மாற்றி, புரட்டிப் படுக்க வைத்து, விளக்கை அணைத்த ஐந்தாவது நிமிடத்தில் மறுபடி ஈரம். நீ கத்திவிட்டாய். அம்மாவுக்குப் பேச்சு வரவில்லை. அசைகிற அந்த ஒரு கையால் உன் விரலைப் பிடித்துக்கொண்டார்கள். அதற்கப்புறம் ஜெபம் பண்ண உட்கார்ந்தால் வார்த்தையே வரவில்லை, அந்தக் கைதான் கண்ணுக்கு முன்னால் வருகிறது என்கிறாய். ஆலயத்தில் ஒருவரிடம் இதைச் சொல்லப்போக, 'விசுவாசம் குறைந்தால்தான் இப்படிக் கோபம் வரும்' என்று சொல்லிவிட்டாராம்.

அவர் நல்லெண்ணத்தோடு சொல்லியிருக்கலாம். ஆனால் வேதாகமத்தில், பிள்ளைகளையும் சொத்தையும் சுகத்தையும் இழந்து கிடந்த யோபுவைப் பார்க்க வந்த மூன்று நண்பர்களும் நல்லெண்ணத்தோடுதான் வந்தார்கள். ஏழு நாள், இரவும் பகலும், ஒரு வார்த்தை பேசாமல் அவனோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள். அந்தப் புத்தகம் முழுவதிலும் அவர்கள் செய்த நல்ல காரியம் அது ஒன்றுதான். வாயைத் திறந்ததும் யோபுவிடம் குற்றம் தேட ஆரம்பித்துவிட்டார்கள். கடைசியில் கர்த்தர் கோபப்பட்டது அவர்கள்மேல். புலம்பிய யோபுவைக் காட்டி, 'அவன் பேசினதுபோல் நீங்கள் என்னைக் குறித்து நிதானமாய்ப் பேசவில்லை' என்றார். அதனால் அந்தப் பேச்சை நீ மனதில் வைத்துக்கொள்ளாதே. இதற்குமேல் அதைப் பற்றி எழுத எனக்கு விருப்பமில்லை.

நான் உன்னிடம் சொல்ல நினைப்பது எலியா தீர்க்கதரிசியைப் பற்றி. நாம் ஞாயிறு பள்ளியில் படித்த எலியா கர்மேல் மலை எலியா. பாகால் என்ற அந்நிய தெய்வத்தின் தீர்க்கதரிசிகள் 450 பேருக்கு எதிரே ஒற்றை ஆளாக நின்று, வானத்திலிருந்து அக்கினி இறங்கும்படி ஜெபித்தவன். அன்றைக்கே மழையும் வந்தது. ராஜா ஆகாபின் ரதத்துக்கு முன்னால் யெஸ்ரயேல் வரை ஓடினான். ஆசிரியர்கள் அதோடு நிறுத்திவிடுவார்கள், வண்ணப் படமும் அத்தோடு முடிந்துவிடும். அடுத்த அதிகாரத்தை நான் நிறுத்தி வாசித்தது அவருக்கு வேலை போன அந்த ஒன்பது மாதத்தில்தான்.

ஆகாபின் மனைவி யேசபேல் ஒரு மிரட்டல் அனுப்புகிறாள். அவ்வளவுதான், எலியா உடைந்து போகிறான். பெயெர்செபா வரை ஓடி, வேலைக்காரனை அங்கே விட்டுவிட்டு, வனாந்தரத்தில் ஒரு நாள் தூரம் தனியாக நடந்து, ஒரு சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து, 'போதும் கர்த்தாவே' என்கிறான். சாக வேண்டும் என்று கேட்கிறான். கேட்டுவிட்டுத் தூங்கிப் போகிறான்.

இப்போது தேவன் என்ன செய்தார் என்று பார். நேற்று அக்கினி இறங்கியதைக் கண்ணால் பார்த்தாயே, இன்றைக்கு இப்படி இருக்கிறாயே என்று கேட்கவில்லை. விசுவாசத்தைப் பற்றி ஒரு சொல் இல்லை. ஒரு தூதன் வந்து அவனைத் தட்டி எழுப்பி, 'எழுந்திருந்து போஜனம்பண்ணு' என்றான். தலைமாட்டில் தழலில் சுட்ட அடையும் ஒரு பாத்திரத்தில் தண்ணீரும் இருந்தன. சாப்பிட்டான், குடித்தான், திரும்பவும் படுத்துவிட்டான். அந்த வரி எனக்கு ரொம்பப் பிடிக்கும். தூதனே வந்து எழுப்பியும் எழுந்து வேலையைப் பார்க்கவில்லை அவன், மறுபடி படுத்துக்கொண்டான். தூதனும் காத்திருந்து, இரண்டாம் தடவை வந்து தட்டி, அதே வார்த்தையைச் சொன்னான்: எழுந்து சாப்பிடு, 'நீ பண்ணவேண்டிய பிரயாணம் வெகுதூரம்.'

கேள்வி எல்லாம் அப்புறம்தான். 40 நாள் நடந்து ஓரேப் மலைக்குப் போய், ஒரு குகையில் இராத் தங்கிய பிறகுதான் 'எலியாவே, இங்கே உனக்கு என்ன காரியம்' என்று கர்த்தர் கேட்கிறார். எலியா தன் குறையை எல்லாம் கொட்டுகிறான். காற்று, பூமியதிர்ச்சி, அக்கினி எல்லாம் கடந்து, அந்த மெல்லிய சத்தமும் கேட்ட பிறகு, அதே கேள்வி திரும்ப வருகிறது. எலியாவும் அதே பதிலை, கிட்டத்தட்ட ஒரு வார்த்தை மாறாமல், திரும்பச் சொல்கிறான். 'இதைத்தான் முதலிலேயே சொன்னாயே' என்று யாரும் அவன் வாயை அடைக்கவில்லை. உன் கடிதத்தின் முடிவில், 'ஒரே விஷயத்தையே திரும்பத் திரும்ப எழுதிவிட்டேன், மன்னித்துக்கொள்' என்று எழுதியிருக்கிறாயே, அதற்காகத்தான் இதைச் சொல்கிறேன். இன்னும் பத்து தடவை எழுது. நான் படிப்பேன்.

இன்னொன்றும் கவனித்தேன். எலியா தன் வேலைக்காரனைப் பெயெர்செபாவில் விட்டுவிட்டுத்தான் வனாந்தரத்துக்குள் போனான். அப்புறம், 'நான் ஒருவன் மாத்திரம் மீதியாயிருக்கிறேன்' என்கிறான். கர்த்தர் அவனுக்குக் கொடுத்த பதிலில் ஓர் ஆள் இருந்தான்: எலிசா, பன்னிரண்டு ஏர் பூட்டி உழுதுகொண்டிருந்தவன். பாகாலுக்கு முழங்கால் முடக்காத 7000 பேர் இருக்கிறார்கள் என்றும் சொன்னார். நீயும் எல்லாரையும் பெயெர்செபாவிலேயே நிறுத்திவிட்டாய் என்று எனக்குத் தோன்றுகிறது. தம்பியிடம் சொன்னால் அவன் குடும்பத்தில் சண்டை வரும் என்கிறாய். சரி, வரட்டும். அவனுக்கும் அவர்கள் அம்மாதானே.

அப்புறம் அந்த இரவு. அதை நீ மறக்க முடியாமல் தவிப்பது புரிகிறது. இயேசுவைத் தெரியாது என்று பேதுரு மறுதலித்தது எங்கே என்று யோவான் தன் சுவிசேஷத்தில் எழுதியதைப் பார்த்திருக்கிறாயா? குளிராக இருந்தது என்று ஊழியக்காரர் கரிநெருப்பு உண்டாக்கி நின்றுகொண்டிருந்தார்கள், பேதுருவும் அவர்களோடு குளிர்காய்ந்துகொண்டிருந்தான். அங்கேதான் 'நான் அல்ல' என்றான். கரிநெருப்பு என்ற அந்த வார்த்தையை யோவான் மறுபடி எழுதுவது கடைசி அதிகாரத்தில். இரவெல்லாம் வலை போட்டு ஒன்றும் கிடைக்காமல், விடியற்காலையில் 153 மீனோடு கரைக்கு வருகிறார்கள். அங்கே கரிநெருப்பு, அதன்மேல் மீன், பக்கத்தில் அப்பம். பேதுருவுக்கு அந்தப் புகை வாசனை மூக்கில் ஏறியிருக்காதா? வயிற்றைப் பிசைந்திருக்கும். ஆனால் இயேசு கூப்பிட்டது, 'வாருங்கள், போஜனம்பண்ணுங்கள்' என்று. அவர்கள் சாப்பிட்டு முடித்த பிறகுதான், 'யோனாவின் குமாரனாகிய சீமோனே, நீ என்னிடத்தில் அன்பாயிருக்கிறாயா' என்ற கேள்வி. மூன்று முறை கேட்டார், மூன்று முறையும் ஒரு பொறுப்பைக் கொடுத்தார். ஏன் அப்படிச் செய்தாய் என்று ஒரு முறைகூடக் கேட்கவில்லை.

நீ கத்தியது தப்புதான், நீயே அப்படித்தான் எழுதியிருக்கிறாய். அதை இல்லை என்று சொல்லி உன்னைத் தேற்ற நான் விரும்பவில்லை. ஆனால் அதே அறையில், அதே கட்டிலுக்குப் பக்கத்தில்தான் நீ மறுநாள் காலையிலும் போய் நின்று, அம்மாவுக்குக் கஞ்சி ஊட்டியிருக்கிறாய். நீ அந்த வரியைச் சாதாரணமாக எழுதிவிட்டுப் போய்விட்டாய். நான் அதில் நின்றுவிட்டேன். அம்மா உன் விரலைப் பிடித்ததை நீ ஒரு குற்றச்சாட்டாக நினைக்கிறாய். பேசமுடியாத ஒருவர் 'போகாதே' என்று சொல்ல வேறு என்ன செய்வார்கள்?

பணத்தைப் பற்றியும் எழுதியிருந்தாய், மருந்துச் செலவு இன்னும் எத்தனை வருஷம் என்று. இதில் மட்டும் எனக்குக் கொஞ்சம் அனுபவம் உண்டு. அந்த ஒன்பது மாதத்தில் தினமும் இரவு படுத்தபடி கணக்குப் போடுவேன். அடுத்த மாதம், அதற்கடுத்த மாதம், பெரியவன் கல்லூரி, சின்னவள் படிப்பு என்று போய், பத்து வருஷத்துக்கு உள்ள கடனை ஒரே ராத்திரியில் கட்டப் பார்ப்பேன். ஒரு நாள் யாத்திராகமம் 16 வாசித்துக்கொண்டிருந்தேன். வனாந்தரத்தில் இஸ்ரவேலருக்கு வானத்திலிருந்து வந்த அப்பம் மன்னா, ஆளுக்கு ஒரு ஓமர் அளவு. இன்றைக்கு வேண்டியதை எடு, நாளைக்கு வைக்காதே. வைத்தவர்களுடையது பூச்சி பிடித்து நாறிப்போனது. ஓய்வுநாளுக்கு முந்தின நாள் மட்டும் இரண்டு மடங்கு, அது கெடவில்லை.

சேமிக்கக் கூடாது என்று இதற்கு அர்த்தம் சொல்கிறவர்களும் உண்டு. அதே வேதாகமத்தில்தான் யோசேப்பு ஏழு வருஷம் விளைச்சலில் ஐந்தில் ஒரு பங்கைச் சேர்த்து வைத்தான். வரும்போது சேர்த்து வை, அது புத்தி. ஆனால் கையில் ஒன்றும் இல்லாத நாளில் நாளைக்கான தைரியத்தையும் இன்றைக்கே திரட்டப் பார்த்தால் அது கெட்டுப்போகிறது. நான் அன்றிலிருந்து ஒரு தாளில் அந்த வாரத்துக்கு மட்டும் கணக்கு எழுதினேன். தாள் தீர்ந்ததும் விளக்கை அணைத்துவிடுவேன். தூக்கம் உடனே வந்துவிடவில்லை, சில நாள் அழுதுகொண்டேதான் படுத்தேன். ஆனாலும் பத்து வருஷத்தையும் சேர்த்துச் சுமக்கவில்லை.

ஜெபம் வரவில்லை என்றாயே. மாற்கு சுவிசேஷத்தில் நோயாளிப் பிள்ளையை இயேசுவிடம் கொண்டுவந்த ஒரு தகப்பன் கண்ணீரோடு, 'விசுவாசிக்கிறேன் ஆண்டவரே, என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்' என்றான். அவ்வளவுதான் அவன் ஜெபம், பிள்ளை சுகமானான். 88-ஆம் சங்கீதம் கடைசியில் ஓர் ஆறுதல் வார்த்தைகூட இல்லாமலே முடிகிறது. அதையும் சங்கீதம் என்றுதானே சேர்த்து வைத்திருக்கிறார்கள். வார்த்தை வராத நாளில் அதை வாய்விட்டு வாசி. யாரோ ஒருவர் உனக்கு முன்னால் அழுது எழுதி வைத்த ஜெபம் அது. அதற்கும் தெம்பில்லை என்றால் அதையும் விட்டுவிடு. உனக்காக நான் இங்கே வாசிக்கிறேன்.

ஜெப ஆலயத் தலைவன் யவீருவின் இறந்துபோன மகளை உயிரோடு எழுப்பின பிறகு இயேசு என்ன சொன்னார் தெரியுமா? பன்னிரண்டு வயதுப் பிள்ளை எழுந்து நடக்கிறாள், எல்லாரும் பிரமித்து நிற்கிறார்கள். அவர், இவளுக்குச் சாப்பிட ஏதாவது கொடுங்கள் என்கிறார். அற்புதத்தைப் பார்த்துக்கொண்டு நின்றவர்களில் அந்தப் பிள்ளைக்குப் பசிக்கும் என்று ஞாபகம் வைத்திருந்தது அவர் ஒருவர்தான்.

அதனால் நான் ஒரு முடிவு எடுத்துவிட்டேன். அவரிடமும் பிள்ளைகளிடமும் சொல்லியாயிற்று. வருகிற சனிக்கிழமை காலையில் கிளம்பி வருகிறேன், எட்டு நாள் இருப்பேன். வேண்டாம் என்று பதில் எழுதாதே, அது வந்து சேருவதற்குள் நான் கிளம்பிவிடுவேன்.

எந்த மருந்து எந்த வேளைக்கு என்று ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதி அம்மாவின் கட்டில் பக்கம் ஒட்டி வை. எந்தப் பக்கம் புரட்டினால் வலிக்கும், எதைக் கொடுத்தால் புரையேறும் என்பதையும் எழுது. மாற்று விரிப்புகள் எங்கே இருக்கின்றன என்று காட்டிவிட்டால் போதும். இரவு மூன்று மணிக்கு நான் எழுந்துகொள்கிறேன். நீ உள் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு தூங்கு. எழுந்ததும் சாப்பாடு தயாராக இருக்கும். சாப்பிட்டுவிட்டு மறுபடி தூக்கம் வந்தால் மறுபடி படுத்துக்கொள்.

தம்பியிடம் பேசுவதைப் பற்றி அதற்கப்புறம் பார்த்துக்கொள்ளலாம். அம்மாவிடம் மட்டும் நான் வருகிறேன் என்று இப்போதே சொல்லிவிடு. பதில் சொல்ல முடியாவிட்டாலும் காது கேட்கும் அல்லவா?

அன்புடன்,
உன் பழைய பக்கத்து இருக்கைக்காரி