கெய்ர்சொப்பா கப்பலில் இருந்தவர்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழில் வந்த கடலடிப் புதையல் கட்டுரையைப் படித்தேன். 1941இல் வெள்ளியோடு வந்தபோது ஜெர்மன் நீர்மூழ்கி மூழ்கடித்த சரக்குக் கப்பல் எஸ்.எஸ். கெய்ர்சொப்பா. அதைப் பற்றித் தமிழில் யாராவது எழுதுவதே அபூர்வம், அதற்கு முதலில் நன்றி. வெள்ளிக் கட்டிகள், அவற்றை எடுத்த ரோபோ, கம்பெனிக்கு எத்தனை சதவீதம் என்று எல்லாம் விரிவாக வந்திருக்கிறது. கப்பலில் போனவர்களுக்கு மட்டும் ஒரே ஒரு வரி: ‘85 பிரிட்டிஷ் மாலுமிகள் உயிரிழந்தனர்.’ சரக்குக் கப்பல்களில் இன்ஜின் ரூமில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். அந்த ஒரு வரியைத் தாண்டிப் போக என்னால் முடியவில்லை.

85 என்ற எண் சரிதான். ஆனால் அவர்களில் பெரும்பாலோர் இந்தியர்கள். கப்பல் பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனியுடையது. சென்னை, நாகப்பட்டினத்திலிருந்து பினாங்கு, சிங்கப்பூருக்கு ஓடிய ‘ரஜுலா’வின் கம்பெனி என்றால் நம் ஊர்ப் பெரியவர்களுக்குச் சட்டென்று விளங்கும். அந்தக் கம்பெனிக் கப்பல்களில் கேப்டன், மேட்கள் (அவருக்குக் கீழுள்ள அதிகாரிகள்), இன்ஜினியர்கள், ரேடியோ அதிகாரி எல்லாம் வெள்ளைக்காரர்கள். மேல்தளத்தில் கயிறு இழுப்பவர்கள், கீழே உலைக்குக் கரி போடுபவர்கள், சமையல்காரர்கள் எல்லாம் இந்தியர்கள். ‘லஸ்கர்’ என்று மொத்தமாகச் சொல்லிவிடுவார்கள். கல்கத்தாவில் ஆளெடுத்த கப்பல்களில் இன்ஜின் ரூம் ஆட்கள் பெரும்பாலும் சில்ஹெட் ஜில்லாக்காரர்கள், தளத்து ஆட்கள் நவகாளி, சிட்டகாங் பக்கத்தவர்கள், எல்லாம் இன்றைய வங்கதேசத்து ஊர்கள். பிரிட்டிஷ் மாலுமிக்குக் கிடைத்ததில் கால் பங்கு அளவில்தான் இவர்களுக்குச் சம்பளம். போர் தொடங்கிய 1939இலேயே பிரிட்டிஷ் துறைமுகங்களில் இந்திய மாலுமிகள் இதற்காக வேலைநிறுத்தம் செய்தார்கள். பலர் சிறைக்கும் போனார்கள். அப்புறம்தான் சம்பளம் கொஞ்சம் ஏறியது.

இன்னொரு விஷயம். ‘வேகம் குறைந்ததால் கான்வாய் அதைக் கைவிட்டது’ என்று கட்டுரையாளர் எழுதியிருக்கிறார். கான்வாய் என்றால் போர்க்காலத்தில் பாதுகாப்புக்காகக் கூட்டமாகப் போகும் கப்பல்கள். நடந்தது அப்படியல்ல. நீராவிக் கப்பல் எப்படி ஓடுகிறது என்று தெரிந்தால்தான் இது புரியும்.

கெய்ர்சொப்பா 1919இல் இங்கிலாந்தின் ஜாரோ நகரில் பாமர்ஸ் தளத்தில் கட்டப்பட்டது. 5,237 டன். முதல் உலகப் போர்க் காலத்தில் அவசரத்துக்கு ஒரே அச்சில் கட்டிய சரக்குக் கப்பல்களில் ஒன்று, முதலில் ‘வார் ரோபக்’ என்று பெயர் வைத்தார்கள். கம்பெனி வாங்கியபின் கர்நாடகத்து ஷராவதி ஆற்றங்கரை ஊரின் பெயரைச் சூட்டியது. 1940 டிசம்பரில் கல்கத்தாவிலிருந்து கிளம்பியபோது அதில் ஏறத்தாழ 7,000 டன் சரக்கு: கச்சா இரும்பு, 1,700 டன்னுக்கு மேல் தேயிலை, வெள்ளி, தபால் மூட்டைகள். ஆப்பிரிக்காவைச் சுற்றி சியரா லியோனின் ஃப்ரீடவுன் போய், 1941 ஜனவரி 30 அன்று எஸ்.எல். 64 என்ற கான்வாயோடு வடக்கே புறப்பட்டது.

வடக்கு அட்லாண்டிக்கில் அது பிப்ரவரி மாதம். எதிர்க்காற்றும் எதிர் அலையும். எட்டு நாட் (மணிக்குச் சுமார் 15 கி.மீ.) வேகத்தில் போக வேண்டிய கப்பல் அதில் பாதிகூடப் போகாது. ஆனால் உலை தின்னும் கரி குறையாது. கொதிகலனில் அழுத்தம் இறங்கினால் அந்தக் கடலில் கப்பலை நேராக நிறுத்தவே முடியாது, அதனால் தூரம் நகர்ந்தாலும் நகராவிட்டாலும் கரி போட்டுக்கொண்டே இருக்க வேண்டும். நான் டீசல் காலத்து ஆள். ஆனால் ஆரம்பத்தில் எனக்கு வேலை சொல்லித் தந்த பெரியவர்கள் கரிக் கப்பலில் இருந்தவர்கள். பங்கரில், அதாவது கப்பலின் கரிக்கிடங்கில், மேலாக இருக்கும் கரி சீக்கிரம் தீர்ந்துவிடும். பிறகு மூலைமுடுக்குகளில் கிடப்பதை ட்ரிம்மர்கள் மண்வெட்டியால் அள்ளி, ஒற்றைச் சக்கரத் தள்ளுவண்டியில் ஏற்றி, ஆடுகிற கப்பலில் உலைவாய் வரை கொண்டுவர வேண்டும். வண்டி ஒருமுறை சாய்ந்தால் கால் போய்விடும். விளக்கு வெளிச்சத்தில் கரித்தூள் புகைபோல மிதக்கும். நாலு மணி நேர வாட்ச் முடிந்து ஏறி வந்தால் மேலே உறைபனிக் காற்று.

கரி போதாது என்று தெரிந்ததும் கேப்டன் ஜெரால்ட் ஹைலண்ட் பிப்ரவரி 14 அன்று கான்வாயை விட்டுப் பிரிந்து அயர்லாந்தின் கால்வே துறைமுகத்தை நோக்கித் திருப்பினார். வேறு வழியே இல்லை. நடுக்கடலில் கரி தீர்ந்தால் கப்பல் வெறும் மிதக்கும் இரும்புதான். கான்வாயும் இன்னும் பல கப்பல்களை வைத்துக்கொண்டு இதற்காக நிற்க முடியாது.

16ஆம் தேதி காலையில் ஜெர்மனியின் நான்கு இன்ஜின் காண்டர் விமானம் ஒன்று வந்து வட்டமிட்டுப் போனது. அன்றிரவு யு-101 நீர்மூழ்கியிலிருந்து வந்த டார்பிடோ கப்பலின் வலப்பக்கம் பாய்ந்தது. முன்பாய்மரம் ஒடிந்து விழுந்து, கூடவே ரேடியோ கம்பியையும் அறுத்துப் போட்டது. அதனால் உதவி கேட்டு ஒரு வார்த்தைகூட அனுப்ப முடியவில்லை. இருபது நிமிடத்தில் கப்பல் போய்விட்டது. மூன்று உயிர்காப்புப் படகுகளில் ஆட்கள் இறங்கினார்கள். இரண்டாம் மேட் ரிச்சர்ட் அயர்ஸ் இருந்த படகு ஒன்றுதான் பிறகு கரையைப் பார்த்தது.

அந்தப் படகில் 31 பேர், அவர்களில் 23 பேர் இந்தியர்கள். சுக்கான் போய்விட்டதால் அயர்ஸ் துடுப்பைக் கொண்டே திசை திருப்பினார். ஒரு வாரத்தில் தண்ணீர் தீர்ந்தது. கீழே உலைச் சூட்டில் வேலை பார்த்த ஃபயர்மேன்கள் உடம்பில் மெல்லிய பருத்தித் துணியைத் தவிர ஒன்றும் இருந்திருக்காது. அந்தக் குளிரில் இறந்தவர்களை ஒவ்வொருவராகக் கடலில் இறக்கிக்கொண்டே போனார்கள். பதின்மூன்றாம் நாள், மார்ச் 1 அன்று, இங்கிலாந்தின் கார்ன்வால் கரையில் லிசார்ட் முனையருகே கேர்தில்லியன் என்ற சிறு பாறைக்குடாவுக்குப் படகு வந்தபோது கைவிரல் விட்டு எண்ணக்கூடிய ஆட்களே உயிரோடிருந்தார்கள். கரையோர அலை படகைக் கவிழ்த்தது. அயர்ஸ் ஒருவர் பிழைத்தார்.

கரை ஒதுங்கிய உடல்கள் லேண்டவெட்னாக் கிராமத்துத் தேவாலய வளாகத்தில் புதைக்கப்பட்டன. ரேடியோ அதிகாரி ராபர்ட் ஹாம்ப்ஷயருக்கு வயது 18, அவருக்குப் பெயர் வெட்டிய கல் இருக்கிறது. பக்கத்தில் புதைக்கப்பட்ட இந்திய மாலுமிகளை யாரென்று அடையாளம் சொல்ல ஒருவரும் இல்லை. அயர்ஸ் அந்த நிலைமையில் அதைச் செய்திருக்க முடியாது, அவரைக் குறை சொல்லவில்லை. இருபத்து மூன்று பேரையும் உயிரோடு கரைசேர்க்க அவர் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. எம்.பி.இ. என்ற பிரிட்டிஷ் அரசு விருது கொடுத்தார்கள், தகுதியான விருது.

வெள்ளியைப் பற்றிக் கட்டுரையில் வந்தது சரியே. 2011இல் ஒடிசி மரைன் என்ற அமெரிக்கக் கம்பெனி 4,700 மீட்டர் ஆழத்தில் கப்பலைக் கண்டுபிடித்தது. டைட்டானிக் கிடப்பதைவிடக் கிட்டத்தட்ட ஒரு கிலோமீட்டர் ஆழம். 2012, 2013 ஆண்டுகளில் 2,792 கட்டிகள், சுமார் 110 டன், மேலே வந்தன. காப்பீடு கொடுத்த வகையில் வெள்ளி பிரிட்டிஷ் அரசுக்கு உரியது. எடுத்த கம்பெனிக்கு 80 சதவீதம். அந்த வெள்ளியில் பிரிட்டிஷ் நாணயச்சாலை விளிம்பில் கப்பல் பெயர் பொறித்த காசுகூட அடித்து விற்றது.

ஆனால் கட்டுரையாளர் விட்டுவிட்ட ஒன்று எனக்கு வெள்ளியைவிடப் பெரிதாகப் படுகிறது. அதே கப்பலிலிருந்து எழுநூறுக்கும் மேற்பட்ட கடிதங்கள் வந்தன. 1940இல் இந்தியாவில் தபாலில் போட்டவை. வெளிச்சமும் பிராணவாயுவும் எட்டாத இடத்தில் இறுகிக் கிடந்ததால் எழுபது வருடம் கழித்தும் காகிதம் தாங்கியது. லண்டன் அஞ்சல் அருங்காட்சியகம் 2018இல் அவற்றைக் கண்காட்சியாக வைத்தது. போட்டவர் யார், போக வேண்டிய முகவரி எது என்பதைக்கூடப் படிக்க முடிகிறது. அந்தக் கடிதங்களைக் கப்பலில் கொண்டுபோனவர்கள் பெயரை மட்டும் எந்தக் கட்டுரையும் தேடுவதில்லை.

பெயர்கள் தொலைந்துவிடவில்லை. அந்தப் போரில் இறந்து, கல்லறை இல்லாத பிரிட்டிஷ் வணிகக் கப்பல் மாலுமிகளின் பெயர்கள் லண்டன் டவர் ஹில் நினைவகத்தில் வெண்கலப் பலகைகளில் இருக்கின்றன. கடலில் போன இந்திய மாலுமிகள் சுமார் 6,500 பேருக்குக் கல்லோ பலகையோ இல்லை, ஒரு பதிவேடுதான். ஒரு பிரதி சிட்டகாங் போர்க் கல்லறையில், இன்னொன்று மும்பை மாலுமிகள் விடுதியில். காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையதளத்திலும் கப்பல் பெயரைப் போட்டுத் தேடினால் கிடைக்கும்.

இதே கம்பெனியின் ‘திலாவா’வையும் பாருங்கள். பம்பாயிலிருந்து ஆப்பிரிக்கா போகும்போது 1942 நவம்பர் 23 அன்று ஜப்பானிய நீர்மூழ்கி அதை மூழ்கடித்தது. 280 பேர் இறந்தார்கள். அதிலிருந்த 2,364 வெள்ளிக் கட்டிகளை 2017இல் எடுத்தார்கள், வழக்கு பிரிட்டன் உச்ச நீதிமன்றம் வரை போய் 2024இல் தென்னாப்பிரிக்காவுக்குச் சாதகமாக முடிந்தது. ஆனால் திலாவாவில் பயணிகள் இருந்தார்கள், பெரும்பாலும் குஜராத்திக் குடும்பங்கள். பேரப்பிள்ளைகள் தேடிப் பிடித்து, 80ஆம் ஆண்டில் மும்பையில் கூடி நினைவு கூர்ந்தார்கள். கரி அள்ளப் போன சில்ஹெட்காரரின் பேரனுக்குத் தாத்தா எந்தக் கப்பலில் போனார் என்று தெரிந்திருக்குமா?

உங்களிடம் கேட்பது இரண்டு. ‘85 பிரிட்டிஷ் மாலுமிகள்’ என்பதற்கு அடுத்த இதழில் ஒரு திருத்தம் போடுங்கள். இடமிருந்தால், கெய்ர்சொப்பாவின் இந்திய மாலுமிகளின் பெயர்ப் பட்டியலையும், அவரவர் வேலையோடு, அப்படியே அச்சிடுங்கள். பொடி எழுத்தில் அரைப் பக்கம் போதும். பட்டியலை எடுத்துத் தட்டச்சு செய்து அனுப்ப நான் தயார்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கப்பல் பொறியாளர் ஒருவர்,
தூத்துக்குடி.