ஸ்ட்ராட்டின் ட்ரெமலோ பற்றி ரகுவுக்கு

அன்புள்ள ரகு,

கடிதம் கிடைத்தது. பாப்பா கீபோர்டு வகுப்பில் சேர்ந்ததில் ரொம்ப சந்தோஷம்.

ஸ்ட்ராட் கிட்டாரில் 9-42 கம்பியை (மெல்லியது 0.009, தடித்தது 0.042 அங்குலம்) மாற்றி அதைவிடத் தடித்த 10-46 போட்டதிலிருந்து, கம்பிகளைத் தாங்கும் பிரிட்ஜ் பின்பக்கம் தூக்கி நிற்கிறது, சுருதியை ஆட்டும் ட்ரெமலோ ஆர்மைத் தொட்டாலே சுருதி போகிறது என்கிறாய். இரண்டும் வேறு வேறு கோளாறு. கம்பியின் இழுப்புக்கு எதிராகப் பிரிட்ஜை இழுக்கும் ஸ்ப்ரிங்கை மட்டும் முறுக்கிக்கொண்டிருந்தால் இரண்டாவது தீராது.

9-42 செட் மொத்தமாக இழுப்பது சுமார் 38 கிலோ. 10-46 என்றால் 46 கிலோவைத் தொட்டுவிடும். பின்மூடியைக் கழற்றி, ஸ்ப்ரிங்குகள் மாட்டியிருக்கும் தகடான க்ளாவின் இரண்டு ஸ்க்ரூவையும் மாறி மாறி அரைச் சுற்று முறுக்கு. ஒவ்வொரு தடவையும் திரும்ப ட்யூன் செய்தால்தான் உண்மை நிலை தெரியும். பிரிட்ஜ் தட்டின் பின்விளிம்பு உடலிலிருந்து 3 மி.மீ. உயரத்தில் நின்றால் போதும். க்ளா மரத்தை முட்டப்போகிறது என்றால் நான்காவது ஸ்ப்ரிங்கைப் போட்டுவிடு.

உன்னுடையது முன்விளிம்பை ஆறு ஸ்க்ரூ உடலோடு பிடித்திருக்கும் பழைய பிரிட்ஜ். ஆறையும் இறுக்கி வைத்தால் தட்டு தாராளமாகச் சாயாது. தட்டை உடலோடு ஒட்டவைத்து, ஆறையும் தட்டுக்கு மேல் 1.6 மி.மீ. நிற்கும்படி தளர்த்து, பிறகு ஓரத்து இரண்டை மட்டும் தட்டைத் தொடும்வரை இறக்கு.

சுருதி விஷயத்தில் என் சந்தேகமெல்லாம் நட்டின் மேல்தான், அதாவது கழுத்தின் தலைமுனையில் கம்பிகள் பள்ளத்தில் உட்காரும் பட்டை. 42க்கு வெட்டிய பள்ளத்தில் 46 பிதுங்கித்தான் உட்காரும். ஆர்மை நன்றாக அழுத்திவிட்டு விடு: கம்பி சுருதி ஏறி நின்றால் நட்டில் சிக்கியிருக்கிறது. விரலால் கம்பியை வளைத்து விட்டபின் இறங்கி நின்றாலும் அதே இடம்தான், எதிர்த்திசையில். கம்பியை முறுக்கும் ட்யூனரைத் திருகும்போது 'டிங்' என்று ஒரு சத்தம் கேட்டால் சந்தேகமே வேண்டாம். அந்தந்தக் கம்பி அளவுக்குரிய நட் அரத்தால் பள்ளத்தை அகலமாக்கு. ஆழமாக்கிவிடாதே, விரல் வைக்காமல் மீட்டும் கம்பி முதல் ஃப்ரெட்டில் (கழுத்தின் குறுக்குப்பட்டையில்) பட்டு அதிரும். பள்ளத்திலும், தலைப்பக்கம் கம்பியை அழுத்திப் பிடிக்கும் ஸ்ட்ரிங் ட்ரீயின் அடியிலும் மெத்தென்ற பென்சிலால் தேய்த்துவிடு. ட்யூனரில் இரண்டு மூன்று சுற்றுக்கு மேல் கம்பி வேண்டாம்.

ஃப்ளாய்ட் ரோஸ் என்ற பூட்டு வைத்த ட்ரெமலோவைப் போடலாமா என்று கேட்டிருந்தாய். கம்பியை இரண்டு முனையிலும் பூட்டிவிடுவதால் சுருதி நிற்கும், உண்மைதான். ஆனால் உடலைக் குடைய வேண்டும், நட்டையும் மாற்ற வேண்டும். குடைந்த மரம் திரும்பி வராது. மேடையில் ஒரு கம்பி அறுந்தால் ஸ்ப்ரிங் பிரிட்ஜைப் பின்னால் இழுத்து மற்ற ஐந்தையும் சுருதி ஏற்றிவிடும். அந்த ஸ்ட்ராட்டில் கைவைக்க எனக்கு மனமில்லை.

முதலில் நட்டைப் பார். எந்தக் கம்பி ஏறி நிற்கிறது என்று எழுது.

அன்புடன்,
சேகர்