மனத்துக்கு ஸ்கேன் இல்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

மூளையை ஸ்கேன் செய்து மனித மனத்தை முழுவதும் வாசித்துவிடும் காலம் நெருங்கிவிட்டதாகக் கடந்த ஞாயிறு இதழின் அறிவியல் பக்கம் சொல்கிறது. அந்த அவசரம் வேண்டாம்.

மூளை ஸ்கேன் படங்களில் சிவப்பாகத் தெரிவது எண்ணம் அல்ல, இரத்தம். நரம்புக் கலங்கள் வேலைசெய்யும் இடத்துக்கு ஒட்சிசன் கூடிய இரத்தம் பாயும், எம்.ஆர்.ஐ. இயந்திரம் பிடிப்பது அதைத்தான். கலங்கள் பேசிக்கொள்வது மில்லிசெக்கன் கணக்கில். இரத்த ஓட்டம் உச்சத்துக்கு வர 5, 6 செக்கன் ஆகும். படத்தின் ஒரு புள்ளி, பக்கம் 3 மில்லிமீற்றர் அளவான கனசதுரம் என்று வையுங்கள். அதற்குள்ளேயே பல இலட்சம் கலங்கள். எது தூண்டியது, எது அடக்கியது என்று பிரித்தறிய வழியில்லை.

கணக்கிலும் வழுக்கலாம். ஒரு இலட்சம் புள்ளிகளை, ஆயிரத்துக்கு ஒன்று தவறலாம் என்ற அளவுகோலில் சோதித்தால், மூளையில் எதுவுமே நடக்காவிட்டாலும் சுமார் 100 புள்ளிகள் சிவக்கும். 2009இல் அமெரிக்க ஆய்வாளர்கள் செத்த சமன் மீனொன்றை இயந்திரத்துக்குள் வைத்து, மனிதர்களின் படங்களைக் காட்டினார்கள். அதன் மூளையும் சிவந்தது! கணக்கைத் திருத்தியதும் சிவப்பு மறைந்தது.

2023இல் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தார், ஒருவர் கேட்கும் கதையின் சாரத்தை ஸ்கேனிலிருந்து எழுத்தாக்கியது உண்மையான சாதனைதான். ஆனால் ஒவ்வொருவரையும் சுமார் 16 மணித்தியாலம் இயந்திரத்துக்குள் கதை கேட்கவைத்துப் பயிற்றவேண்டியிருந்தது. ஒருவருக்குப் பயிற்றியது மற்றவருக்கு உதவவில்லை. உள்ளுக்குள் வேறொரு கதையைச் சொல்லிக்கொண்டாலே அது தடுமாறியது.

நரம்புக் கலங்களுக்கிடையிலான இணைப்புகளை எல்லாம் வரைந்தால் போதும் என்பாரும் உண்டு. 302 நரம்புக் கலங்களே உள்ள ஒரு புழுவின் இணைப்புப் படம் 1986இலேயே வெளிவந்துவிட்டது. அந்தப் புழு அடுத்து என்ன செய்யும் என்று இன்றும் முழுதாகச் சொல்ல முடியவில்லை. எந்த இணைப்பு எவ்வளவு வலுவானது, இணைப்பே இல்லாமல் பரவும் இரசாயனங்கள் என்ன செய்கின்றன என்பவை படத்தில் இல்லை. நமக்கோ சுமார் 8,600 கோடிக் கலங்கள். அவற்றின் இணைப்புகளும் கற்கக் கற்க மாறுகின்றன. பார்வை, அச்சம், நினைவு என்று பகுதி பகுதியாக விளங்கிக்கொள்வோம். 'முழுமையாக' என்பதை நான் நம்பவில்லை.

இதை எழுதக் காரணம் வேறு. மனநல ஆஸ்பத்திரி இருக்கும் அங்கொடை என்ற ஊரின் பெயருக்கே கூசுகிறவர்கள், பல்லாயிரம் ரூபாய் கட்டித் தனியாரிடம் மூளை ஸ்கேன் எடுக்கிறார்கள். அறிக்கை 'நோர்மல்' என்று வந்தால், "ஒண்டுமில்லையாம்" என்று மருந்தையும் நிறுத்திவிடுகிறார்கள். கட்டி, இரத்தக்கசிவு போன்றவை இல்லை என்பதற்குத்தான் அந்த ஸ்கேன். மனச்சோர்வு அதில் தெரியாது. தூக்கம், பசி, ஆர்வம், சாக வேண்டும் என்ற நினைப்பு போன்ற அறிகுறிகள் இரண்டு வாரமாவது நீடிக்கின்றனவா என்று வைத்தியர் கேட்டுத்தான் அறியவேண்டும். மாத்திரையின் பலன் தெரியவும் சில வாரங்கள் ஆகும். இடையில் தாமாக நிறுத்தக்கூடாது.

இத்தகைய கட்டுரைகளோடு தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற தொலைபேசி இலக்கத்தையும் தாங்கள் அச்சிட்டால் நல்லது.

வாசகர்,
வெள்ளவத்தை, கொழும்பு-06