விபத்து இழப்பீட்டுச் சமரசத்தில் கையெழுத்துக்கு முன் கணக்குத் தாள் தரக் கோரும் மனு

அனுப்புநர்
சாலை விபத்தில் கால் ஊனமுற்ற கொத்தனார் ஒருவரின் மனைவி
(பெயர், முகவரி, வழக்கு எண் ஆகியவை தனித்தாளில் இணைக்கப்பட்டுள்ளன)

பெறுநர்
உயர்திரு உறுப்பினர் செயலர் அவர்கள்,
தமிழ்நாடு மாநில சட்டப்பணிகள் ஆணைக்குழு,
சென்னை.

பொருள்: மோட்டார் வாகன விபத்து வழக்குகள் மக்கள் நீதிமன்றத்தில் சமரசமாக முடியும்போது, இழப்பீட்டுத் தொகை எப்படிக் கணக்கிடப்பட்டது என்பதைத் தமிழில் எழுதிக் கொடுத்து, படித்துக் காட்டி, அதன்பிறகே கையெழுத்துப் பெற ஆவன செய்யக் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

என் கணவர் கொத்தனார். இருபது வருடம் சாரத்தில் ஏறி இறங்கியவர். மூன்று ஆண்டுகளுக்கு முன்பு, அவருக்கு 38 வயதாக இருந்தபோது, வேலை முடிந்து சைக்கிளில் வீடு திரும்பிக்கொண்டிருந்தார். பின்னால் வந்த சரக்கு வேன் மோதியது. வலது முழங்கால் மூட்டு நொறுங்கிவிட்டது. இரண்டு அறுவைச் சிகிச்சை, உள்ளே தகடும் திருகாணிகளும், நான்கு மாதம் படுக்கை. இப்போது கைத்தடியுடன் நடக்கிறார். ஆனால் கால் மடங்குவதில்லை. குந்தி உட்கார முடியாது, சாரத்தில் ஏற முடியாது. தன்னுடைய கரணையையும் தூக்குக்குண்டையும் ஒரு சாக்கில் சுற்றிக் கட்டிலுக்கு அடியில் வைத்திருக்கிறார். மாதம் ஒருமுறை வெளியே எடுத்து, துருப்பிடிக்காமல் இருக்க எண்ணெய் தடவி, மறுபடியும் சுற்றி வைக்கிறார்.

எங்கள் இழப்பீட்டு வழக்கு சென்ற ஆண்டு மக்கள் நீதிமன்றத்தில் சமரசமாக முடிந்தது. மொத்தம் 6,50,000 ரூபாய். முடிந்த வழக்கைத் திறந்து தாருங்கள் என்று நான் கேட்கவில்லை. மக்கள் நீதிமன்றத்தின் தீர்வு 1987-ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டம் 21-ஆவது பிரிவின்படி இறுதியானது, அதை எதிர்த்து மேல்முறையீடு கிடையாது என்பதை இப்போது அறிவேன். கையெழுத்துப் போட்ட அன்று அறியவில்லை. இனி யாரும் அப்படித் தெரியாமல் கையெழுத்துப் போடக்கூடாது என்பதற்காகவே இந்த மனு.

அன்று நடந்ததைச் சொல்கிறேன். காலை ஒன்பது மணிக்கே போய்விட்டோம். எங்கள் வழக்கறிஞருக்கு வேறு நீதிமன்றத்தில் வேலை இருந்ததால் அவருடைய இளைய வழக்கறிஞர் வந்திருந்தார். அவர் எங்கள் வழக்கை அன்றுதான் பார்த்திருப்பார் போல, என் கணவரின் எந்தக் கால் என்று வராந்தாவில் வைத்து என்னிடம் கேட்டார். இன்சூரன்ஸ் தரப்பில் வந்தவர் ஒரு தாளில் தொகையை எழுதி அவரிடம் காட்டினார். ஐந்து நிமிடம் பேசினார்கள். பிறகு எங்களிடம் வந்து, "ஆறரை லட்சம் தருகிறார்கள், வழக்கு நடத்தினால் இன்னும் மூன்று வருடம் ஆகும், மேல்முறையீடு போனால் அதற்கு மேலும் ஆகும்" என்றார். என் கணவர் என் முகத்தைப் பார்த்தார். என் தாலிச்சங்கிலி அடகுக் கடையில் இருந்தது. மகளுடைய கல்லூரிக் கட்டணம் இரண்டு தவணை பாக்கி. உள்ளே மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர்கள் கனிவாகத்தான் பேசினார்கள். "சம்மதமா?" என்று கேட்டார்கள். சம்மதம் என்றோம். ஆங்கிலத்தில் தட்டச்சு செய்த தாளில் கையெழுத்துப் போட்டோம். அந்தத் தாளில் தொகை மட்டும் இருந்தது. அது எதற்கு எவ்வளவு என்று ஒரு வரிகூட இல்லை.

இரண்டு மாதம் கழித்து, பி.காம். படிக்கும் என் மகள், அந்தத் தொகை எப்படி வந்திருக்கும் என்று கணக்குப் போட்டுப் பார்த்தாள். மாத வருமானம் 9,000 என்று வைத்திருக்க வேண்டும். பன்னிரண்டால் பெருக்கினால் ஆண்டுக்கு 1,08,000. அதை 15-ஆல் பெருக்கினால் 16,20,000. ஊனச் சான்றில் இருந்த 40 விழுக்காட்டைப் போட்டால் 6,48,000. இரண்டாயிரம் சேர்த்து முழுத்தொகை ஆக்கியிருக்கிறார்கள். அவ்வளவுதான் எங்கள் இழப்பீடு.

இதில் 15 என்பது சரியான எண். சரளா வர்மா வழக்கில் 2009-ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் வகுத்துக் கொடுத்த பெருக்கி எண் பட்டியலில் 36 முதல் 40 வயது வரை உள்ளவர்களுக்கு 15 என்றே இருக்கிறது. ஆனால் அந்தப் பெருக்கலுக்கு முன்னும் பின்னும் வரவேண்டியவை வரவில்லை. பிரணய் சேத்தி வழக்கில் 2017-இல் ஐந்து நீதிபதிகள் அமர்வு, சொந்தமாகத் தொழில் செய்பவர் 40 வயதுக்குக் கீழே இருந்தால் எதிர்கால வருமான உயர்வுக்காக 40 விழுக்காடு சேர்க்க வேண்டும் என்றது. நிரந்தர ஊனமுற்றவர்களுக்கும் இந்தச் சேர்க்கை உண்டு என்று 2020-இல் பப்பு தேவ் யாதவ் வழக்கில் சொல்லப்பட்டிருக்கிறது. அதே 9,000 ரூபாயை ஒப்புக்கொண்டாலும் (ஒரு கொத்தனாருக்கு அது எந்த வகையிலும் நியாயமான வருமானம் அல்ல), மாதம் 12,600 ஆகும், ஆண்டுக்கு 1,51,200, பதினைந்தால் பெருக்கி 40 விழுக்காடு எடுத்தால் 9,07,200. ஒரே ஒரு வரி விடுபட்டதில் இரண்டரை லட்சத்துக்கு மேல் போய்விட்டது.

மருத்துவச் செலவு என்று எதுவுமே சேர்க்கப்படவில்லை. மருந்துக் கடை ரசீது, ஸ்கேன் ரசீது, ஆம்புலன்ஸ் ரசீது எல்லாவற்றையும் தேதி வாரியாக அடுக்கி ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு, நூலால் கட்டி வழக்கறிஞர் அலுவலகத்தில் கொடுத்திருந்தேன். மொத்தம் 1,86,400 ரூபாய். வழக்கு முடிந்து பை திரும்பி வந்தபோது நான் போட்ட முடிச்சு அப்படியே இருந்தது.

ஐயா, காயமடைந்தவருக்கான இழப்பீடு என்பது ஒரே தொகை அல்ல, பல தொகைகளின் கூட்டு என்பதே எங்களுக்குத் தெரியாமல் இருந்தது. ராஜ்குமார் எதிர் அஜய்குமார் வழக்கில் 2010-இல் உச்ச நீதிமன்றம் அந்தத் தலைப்புகளை வரிசையாகச் சொல்லியிருக்கிறது. சிகிச்சை, மருந்து, போக்குவரத்து, சத்துணவுச் செலவு ஒரு தலைப்பு. படுக்கையில் கிடந்த மாதங்களின் கூலி ஒரு தலைப்பு. ஊனத்தால் இனிமேல் இழக்கப்போகும் வருமானம், இனி ஆகப்போகும் மருத்துவச் செலவு, வலியும் வேதனையும், வாழ்க்கையின் சுகங்களை இழந்தது என்று ஒவ்வொன்றும் தனித்தனி. என் கணவரின் காலில் இருக்கும் தகட்டை ஒருநாள் எடுக்க வேண்டியிருக்கும் என்று மருத்துவர் எழுதியே கொடுத்திருக்கிறார். அந்தச் செலவை யார் தருவார்கள்? அவரைத் தூக்கி உட்காரவைக்கவும் குளிப்பாட்டவும் எட்டு மாதம் தையல் வேலைக்குப் போகாமல் வீட்டில் இருந்தேன். உதவியாளர் செலவு என்பதும் இழப்பீட்டில் கணக்கிடப்பட வேண்டிய ஒன்று என்பதை 2020-ஆம் ஆண்டு காஜல் வழக்கின் தீர்ப்பைப் பற்றிப் படித்தபோதுதான் அறிந்தேன். மனைவி செய்வது கணக்கில் வராத வேலை என்றுதான் அதுவரை நானே நினைத்திருந்தேன்.

எல்லாவற்றையும்விட என்னை உறுத்துவது அந்த 40 விழுக்காடு. சான்றில் இருந்தது காலின் ஊனம். அது உடல் முழுவதற்குமான அளவா, அந்த ஒரு காலுக்கு மட்டுமான அளவா என்று யாரும் கேட்கவில்லை. அதைவிட முக்கியமான கேள்வியும் கேட்கப்படவில்லை: இந்தக் காலை வைத்துக்கொண்டு இந்த மனிதர் தன் தொழிலைச் செய்ய முடியுமா? ராஜ்குமார் தீர்ப்பிலேயே இதற்கு ஓர் உதாரணம் இருக்கிறது. இடது கையை இழந்தவர் ஓட்டுநராகவோ தச்சராகவோ இருந்தால் அவருடைய சம்பாதிக்கும் திறன் கிட்டத்தட்ட முழுவதுமே போய்விடுகிறது. அதே இழப்பு அரசு அலுவலக எழுத்தருக்கு நேர்ந்தால் சம்பளம் போகாமலேகூட இருக்கலாம். உடல் ஊனம் வேறு, வருமான ஊனம் வேறு என்பதே அங்கே சொல்லப்பட்ட நீதி. மடங்காத காலுடன் ஒரு கொத்தனார் என்ன வேலை செய்வார்? இதற்கு 100 விழுக்காடு என்றுதான் விடை வர வேண்டும் என்று நான் சாதிக்கவில்லை. அதைத் தீர்மானிக்க வேண்டியவர்கள் தீர்மானித்திருக்கலாம். கேள்வியே எழாமல் 40 என்ற எண் பெருக்கலுக்குள் போய்விட்டது. அந்த எண்ணுக்குள் என் கணவரின் இருபது வருடத் தொழில் இருந்தது.

மக்கள் நீதிமன்றத்தின்மீது எனக்கு மனவருத்தம் இல்லை. பணம் தேவைப்படும் வீட்டுக்கு விரைவில் வரும் பணத்தின் அருமை எனக்குத் தெரியும். நீதிமன்றக் கட்டணம் திரும்பக் கிடைப்பதும் ஏழைகளுக்கு உதவிதான். எல்லாம் சொல்லிவிட்டு, "வழக்கு நடத்தினால் பதினொரு லட்சம்வரை கேட்க வாய்ப்பு உண்டு, ஆனால் நாளாகும், இன்று வேண்டுமானால் ஆறரை" என்று எங்களிடம் சொல்லியிருந்தால், ஒருவேளை நாங்கள் குறைத்துக்கொண்டு சம்மதித்திருப்போம். விட்டுக்கொடுப்பது எங்கள் உரிமை. ஆனால் எதை விட்டுக்கொடுக்கிறோம் என்று தெரிந்து விட்டுக்கொடுத்திருப்போம்.

இதற்குப் புதிய சட்டம் தேவையில்லை என்பதே என் நம்பிக்கை. தேசிய சட்டப்பணிகள் ஆணைக்குழுவின் 2009-ஆம் ஆண்டு மக்கள் நீதிமன்ற விதிமுறைகளிலேயே, சமரச நிபந்தனைகளை முழுமையாகப் புரிந்துகொண்ட பிறகே தரப்பினர் கையெழுத்திடுவதை உறுப்பினர்கள் உறுதி செய்ய வேண்டும், நிபந்தனைகள் ஒருதலைப்பட்சமாக இல்லை என்று மனநிறைவு அடைய வேண்டும் என்று இருக்கிறது. ஒற்றைத் தொகையைப் பார்த்து எவரும் எதையும் முழுமையாகப் புரிந்துகொள்ள முடியாது. எனவே தாங்கள் கீழ்க்கண்டவாறு அனைத்து மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுக்களுக்கும் அறிவுறுத்த வேண்டுகிறேன்.

காயம் தொடர்பான எந்த விபத்து வழக்கும் சமரசத்துக்கு வரும்போது, ஒரு பக்கக் கணக்குத் தாள் தமிழில் தரப்பட வேண்டும். எடுத்துக்கொண்ட மாத வருமானம், வயது, பெருக்கி எண், எதிர்கால உயர்வு, ஊன விழுக்காடு ஆகியவை அதில் இருக்க வேண்டும். மருத்துவச் செலவு, சிகிச்சைக் காலக் கூலி, உதவியாளர் செலவு, வருங்கால மருத்துவம், வலி வேதனை என ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி வேண்டும். ஒரு வரிக்குத் தொகை இல்லையென்றால் 'இல்லை' என்று எழுதட்டும். காலியாக இருப்பது கண்ணுக்குத் தெரிந்தாலே போதும், எழுதப் படிக்கத் தெரிந்த எவரும் ஏன் என்று கேட்டுவிடுவார்கள். வட்டி சேர்ந்த தொகையா, சேராததா என்பதும் அதிலேயே இருக்கட்டும். இந்தத் தாள் அமர்வு நாளன்று வராந்தாவில் கைமாறக்கூடாது. குறைந்தது ஒரு வாரம் முன்னதாக வீட்டுக்கு வர வேண்டும். எங்கள் வீட்டில் கணக்குப் போட ஒரு மகள் இருந்தாள். அவளுக்குப் போட நேரம்தான் கிடைக்கவில்லை.

ஊன விழுக்காட்டுக்கு எதிரே, அது எந்த உறுப்புக்கானது, காயமடைந்தவர் செய்துவந்த தொழில் எது, அதில் எந்தெந்த வேலையை இனி செய்ய முடியாது என்ற மூன்றையும் எழுத இடம் வேண்டும். இதை நிரப்பும்போது காயமடைந்தவரையே கேட்க வேண்டும். என் கணவரைக் கேட்டிருந்தால் அரை நிமிடத்தில் சொல்லியிருப்பார்.

படிக்கத் தெரியாதவர்களுக்கு, இரு தரப்பு வழக்கறிஞரையும் சேராத சட்டப்பணித் தன்னார்வலர் ஒருவர் அந்தத் தாளைப் படித்துக் காட்ட வேண்டும். இது இறுதி, இதற்குமேல் முறையீடு இல்லை என்ற வாக்கியத்தை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். பெண்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் வருமான வரம்பு பாராமல் இலவச சட்ட உதவி உண்டு என்பதும் மருத்துவமனை வார்டுகளிலேயே எழுதி ஒட்டப்பட வேண்டும். வழக்கு முடிந்த பிறகுதான் எனக்கு இது தெரிந்தது. கிடைத்த தொகையிலிருந்து நூற்றுக்கு இருபது கட்டணமாகப் போன பிறகு தெரிந்தது. வெற்றித் தொகையில் பங்கு கேட்பது வழக்கறிஞர் நடத்தை விதிகளுக்கே மாறானது என்பதும் அதற்குப் பிறகே தெரிந்தது.

இன்னொன்று காவல்துறை தொடர்பானது. 2022 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த மத்திய மோட்டார் வாகன விதித் திருத்தத்தின்படி, விபத்து நடந்த பத்து நாட்களுக்குள், பாதிக்கப்பட்டவரின் உரிமைகளை விளக்கும் 'படிவம் 2' என்ற தாளை விசாரணை அதிகாரி தர வேண்டும். எங்களுக்கு அது வரவில்லை. அதைத் தமிழில் அச்சிட்டு எல்லாக் காவல் நிலையங்களிலும் இருக்கச் செய்ய, தங்கள் ஆணைக்குழு உரிய துறைக்கு எழுத வேண்டுகிறேன்.

என் மகள் தயாரித்த மாதிரிக் கணக்குத் தாளை இத்துடன் இணைத்துள்ளேன். அதில் திருத்தம் இருந்தால் செய்து, அடுத்த மக்கள் நீதிமன்ற அமர்வுக்கு முன்பாகவாவது நடைமுறைப்படுத்திப் பார்க்குமாறும், எடுத்த நடவடிக்கையை எனக்கு எழுத்து மூலம் தெரிவிக்குமாறும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
மனுதாரர்

இணைப்பு: பெயர், முகவரி, வழக்கு விவரத் தாள், சமரசத் தீர்வின் நகல், ஊனச் சான்றின் நகல், மருத்துவ ரசீதுகளின் தொகுப்புப் பட்டியல், மாதிரிக் கணக்குத் தாள்.