வெளிமாநில மாற்றல் உத்தரவு எழுதும் மனிதவளத் துறையினருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய அதிகாரிகளுக்கு,

வணக்கம். வெளிமாநிலத்துக்கு மாற்றல் கொடுக்கும்போது உங்கள் உத்தரவில் சேர வேண்டிய தேதி இருக்கும், லாரி வாடகைக்கு உச்சவரம்பு இருக்கும், விடுதியில் தங்கச் சில நாள் அனுமதி இருக்கும். சாமான் போய் இறங்கிவிடும். அதன்பின் மாதக்கணக்கில் இழுப்பது காகிதம்தான். கைக்குழந்தையோ பள்ளிப் பிள்ளையோ உள்ள வீட்டில் அந்த அலைச்சல் பெரும்பாலும் மனைவி தலையில் விழுகிறது. பார்த்துவந்த வேலையை விட்டுவிட்டு வந்தவர் அவர் என்பதும் பல நேரம் யாருக்கும் நினைவிருப்பதில்லை. இந்த அலைச்சலில் பெரும்பங்கு உங்கள் லெட்டர்ஹெட்டில் ஓரிரு தாள் கிடைத்தாலே குறைந்துவிடும். இடம்பெயரும் குடும்பங்களின் இந்த வேலைகளைச் செய்து பழகியவர்கள் என்ற முறையில் எழுதுகிறோம்.

முதல் முடிச்சு முகவரி. மின்கட்டண ரசீது வீட்டுக்காரர் பெயரில் இருக்கும். 11 மாத வாடகை ஒப்பந்தத்தில் ஊழியர் பெயர் மட்டும் இருக்கும். மனைவியின் ஆதாரை மாற்றப் போனால், அந்த ஒப்பந்தத்தில் அவர் பெயரே இல்லை. குடும்பத் தலைவர் வழியாக முகவரி மாற்றும் வசதி ஆதாரில் உண்டு. ஆனால் உறவைக் காட்டும் சான்று கேட்பார்கள், குடும்பத் தலைவரும் 30 நாளுக்குள் இணையத்தில் ஒப்புதல் தர வேண்டும். புது வேலையின் பரபரப்பில் அந்தக் குறுஞ்செய்தியைக் கவனிக்காமல் விட்டால் கோரிக்கை முடிந்துபோகும், மறுபடி கட்டணம். ஒப்பந்தம் எழுதும்போதே கணவன், மனைவி இருவர் பெயரையும் வாடகைதாரராகப் போடச் சொன்னால் இந்தச் சுற்றே வேண்டாம். கம்பெனி பெயரில் வீடு எடுத்துக் கொடுப்பவர்கள், குடியிருப்போர் என்று இருவர் பெயரையும் அதில் சேர்த்துவிடுங்கள். பங்குச்சந்தையில் பட்டியலிடப்பட்ட நிறுவனம் தரும் குடியிருப்பு ஒதுக்கீட்டுக் கடிதத்தை வங்கிகள் தற்காலிக முகவரிச் சான்றாக ஏற்கலாம் என்று ரிசர்வ் வங்கியின் கே.ஒய்.சி. (வாடிக்கையாளர் அடையாளச் சரிபார்ப்பு) விதிகளே சொல்கின்றன; மூன்று மாதத்துக்குள் முறையான சான்றைக் கொடுத்துவிட வேண்டும். அப்படி ஒரு கடிதத்தைக் கேட்டால் 'எங்கள் வழக்கத்தில் இல்லை' என்று திருப்பி அனுப்பாதீர்கள்.

அடுத்தது வண்டி. பணம் அதிகம் கரைவது இங்கேதான். மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 47-ஆம் பிரிவுப்படி, ஒரு வண்டி வேறு மாநிலத்தில் 12 மாதத்துக்கு மேல் இருந்தால் அங்கே புதுப் பதிவெண் வாங்க வேண்டும். அதற்கு முதலில் பழைய ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் படிவம் 28 கொடுத்து என்.ஓ.சி. எனும் தடையில்லாச் சான்று வாங்க வேண்டும். வண்டிச் சட்டத்தில் பொறித்த சேஸிஸ் எண்ணைத் தாளில் பென்சிலால் தேய்த்து எடுத்த பதிவு, ஆர்.சி. எனும் பதிவுச் சான்று, நடப்பிலுள்ள காப்பீடு, புகைச் சான்று எல்லாம் வேண்டும்; கடன் பாக்கி இருந்தால் கடன் கொடுத்தவரின் சம்மதமும் சேர வேண்டும். கட்டாத இ-சலான் ஒன்று கிடந்தாலும் விண்ணப்பம் நகராது. இன்னொரு சிக்கல், என்.ஓ.சி. எந்த ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்கு என்று பெயர் குறித்துத்தான் வரும். பெங்களூரு போன்ற ஊரில் பல அலுவலகங்கள் இருப்பதால், வீடு முடிவாகும் முன் அவசரப்பட்டு எடுத்த என்.ஓ.சி. வேறு எல்லைக்குப் போய்விட்டால் வேலை இரட்டிப்பு. புது ஊரில் புதுப் பதிவெண் கேட்கும் படிவம் 27, அந்த மாநிலக் கணக்கில் மீதிக் காலத்துக்கான சாலை வரி. தமிழ்நாட்டில் கட்டிய வாழ்நாள் வரியில் மிச்சத்தைத் திரும்பக் கேட்கலாம்தான். ஆனால் புதுப் பதிவு முடிந்து அந்த ஆர்.சி. நகலைக் காட்டிய பிறகே அது நகரும். அதுவரை இரண்டு மாநில வரியும் ஊழியரின் கையிலிருந்துதான் போகிறது. மாற்றல் படியில் லாரிக்குக் கொடுப்பதைப் போல இதற்கும் ஒரு முன்பணம் ஏன் இருக்கக் கூடாது? பணம் திரும்பி வந்ததும் பிடித்துக்கொள்ளலாம்.

இந்தச் செலவையே தவிர்க்கும் வழி ஒன்று உங்கள் கையெழுத்தில் இருக்கிறது. 2021 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த பி.எச். (பாரத்) வரிசைப் பதிவெண், நான்கு அல்லது அதற்கு மேற்பட்ட மாநிலங்களிலோ யூனியன் பிரதேசங்களிலோ அலுவலகம் உள்ள தனியார் நிறுவன ஊழியர்களுக்கும் உண்டு. வரியை இரண்டிரண்டு ஆண்டாகக் கட்டலாம், மாநிலம் மாறினால் பதிவெண் மாறாது. 2022 டிசம்பர் திருத்தத்துக்குப் பின் ஏற்கெனவே சாதாரணப் பதிவெண் உள்ள வண்டியையும் இதற்கு மாற்ற விதி இடம் தருகிறது. இதற்கெல்லாம் அடிப்படை, நிறுவனம் தரும் படிவம் 60 பணிச் சான்று. அதில் கையெழுத்திட்டால் வரிப் பொறுப்பு கம்பெனி மேல் விழும் என்று சில அலுவலகங்களில் தயங்குகிறார்கள். அந்தச் சான்று சொல்வது இவர் எங்கள் ஊழியர், எங்களுக்கு இத்தனை மாநிலங்களில் அலுவலகம் உண்டு என்பதைத்தான். வரி கட்டுவது வண்டிக்காரர்.

ஒரு சின்ன விஷயம்: லாரிக்காரரின் அசல் பில்லைச் செலவுக் கணக்குக்காக வாங்கி வைத்துக்கொள்கிறீர்கள். வண்டியும் சாமானோடு வந்தது என்றால், எந்தத் தேதியில் மாநிலத்துக்குள் நுழைந்தது என்பதற்கு அதுதான் ஆதாரம். வழியில் போக்குவரத்துப் போலீஸ் நிறுத்தினால் 12 மாதக் கணக்கைக் காட்ட வேறென்ன இருக்கிறது? முத்திரை குத்திய நகல் ஒன்றை ஊழியரிடம் கொடுங்கள்.

பள்ளிக்கூடம். சி.பி.எஸ்.இ. பள்ளிகளில் ஆண்டு ஏப்ரலில் தொடங்கும், தமிழ்நாட்டு மாநிலப் பாடத்திட்டத்தில் ஜூனில். ஆகஸ்டிலோ நவம்பரிலோ மாற்றினால் ஒரு பள்ளியில் கட்டிய கட்டணம் போய், இன்னொன்றில் முழுக் கட்டணம். மாற்றுச் சான்றிதழ் தாமதமாவதைக் காரணம் காட்டிச் சேர்க்கையை மறுக்கக் கூடாது என்று கல்வி உரிமைச் சட்டத்தின் 5-ஆம் பிரிவு சொல்வது அரசு, அரசு உதவி பெறும் பள்ளிகளுக்குத்தான் உதவும். உதவி பெறாத தனியார் பள்ளிக்கு மாறும் உரிமையை அந்தப் பிரிவு தரவில்லை. வயதும் இடிக்கும். தமிழ்நாட்டில் ஐந்து வயது முடிந்து ஒன்றாம் வகுப்பில் உட்கார்ந்த பிள்ளைக்கு, மார்ச் 31-இல் ஆறு முடிந்திருக்க வேண்டும் என்று கேட்கும் கேந்திரிய வித்யாலயாவில் இடமில்லை. மகாராஷ்டிரத்தில் 2020-ஆம் ஆண்டுச் சட்டப்படி மராத்தி கட்டாயம். முதல் வகுப்புப் பிள்ளை தெருவில் விளையாடியே பிடித்துக்கொள்ளும். ஏழாம் வகுப்பில் போய் எழுத்திலிருந்து தொடங்குவது வேறு கதை. பள்ளிப் பிள்ளை உள்ளவர்களுக்கு உத்தரவை ஜனவரியிலேயே சொல்லி, சேரும் தேதியைக் கல்வியாண்டு முடிவோடு பொருத்துங்கள். முடியாவிட்டால், ஊழியர் முன்னால் போகட்டும். குடும்பம் பின்னால் வரும்போதும் லாரிச் செலவு செல்லும் என்று உத்தரவிலேயே எழுதுங்கள். பல கம்பெனிகளில் அந்தச் சலுகை சில மாதங்களில் காலாவதியாகிவிடுகிறது.

மற்றவை சுருக்கமாக. சமையல் எரிவாயு உருளையையும் ரெகுலேட்டரையும் பழைய ஏஜென்சியில் ஒப்படைத்து, இடமாற்ற வவுச்சர் வாங்கிக்கொண்டு போக வேண்டும். டெபாசிட் பழைய விகிதத்தில் திரும்பும், புது ஊரில் இன்றைய விகிதத்தில் கட்ட வேண்டும். ரேஷனில் 'ஒரே நாடு ஒரே அட்டை' என்பது தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வரும் அட்டைகளுக்கு மட்டும், தமிழ்நாட்டின் என்.பி.எச்.எச். (முன்னுரிமையற்ற குடும்ப) அட்டைக்கு வெளிமாநிலக் கடையில் அரிசி கிடைக்காது, பருப்பும் பாமாயிலும் யாருக்கும் கிடைக்காது. குழந்தையின் தடுப்பூசி அட்டை லாரியில் போகக் கூடாது, கைப்பையில் வர வேண்டும். மாறிப் போகும் களேபரத்தில் தவறிவிடக் கூடியது 16 முதல் 24 மாதத்துக்குள் போட வேண்டிய எம்.ஆர். (தட்டம்மை, ரூபெல்லா) இரண்டாம் தவணையும் டி.பி.டி. (தொண்டை அடைப்பான், கக்குவான், ரணஜன்னி) ஊக்கத் தவணையும்.

படிவம் 60-இன் மாதிரியையும் ஒதுக்கீட்டுக் கடிதத்தின் மாதிரியையும் மாற்றல் உத்தரவோடு பின் போட்டு அனுப்புங்கள். புதுக் கிளையில் இதற்குப் பொறுப்பான ஒருவரின் பெயரும் எண்ணும் அதே தாளில் இருக்கட்டும்.

இப்படிக்கு,
இடம்பெயரும் குடும்பங்களுக்குக் காகித வேலை செய்து கொடுப்பவர்கள்